பதினொரு பேர் தூங்கும் அறையில் ஒரு விசாரணை

வட இங்கிலாந்தில் நான் தங்கியிருக்கும் மாணவர் விடுதியில் ஆறு பேருக்கு ஒரு சமையலறை, ஒரு ஃப்ரிட்ஜ். அந்த ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்குப் பெயர் உண்டு. போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு முட்டையின் தலையிலும் கறுப்பு மார்க்கரில் ஒரு எழுத்து. ஜே, ஜே, ஜே, எல், எல். பால் போத்தலில் பெயர் மட்டுமல்ல, நேற்று இரவு பால் எந்த மட்டத்தில் இருந்தது என்று ஒரு கோடும். யாருக்கும் யாரோடும் சண்டை கிடையாது. எல்லோரும் நல்லவர்கள், நாம் வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நாம் அவர்களை இடித்தாலும் அவர்களே மன்னிப்புக் கேட்பார்கள். ஆனால் முட்டைக்குப் பெயர் வேண்டும். கொஞ்ச நாள் எனக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு நானும் ஒரு மார்க்கர் வாங்கினேன். வாங்கியதோடு அந்த நாட்டைப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சறுக்கியது.

நான் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் ஒருவன். நான் முதலீடும் நிதியும் படிக்கிற முதுகலை மாணவி. இந்த இரண்டு விஷயங்களையும் அடுத்தடுத்துச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ஆனால் இந்தப் படிப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போகாமல், எத்தனை கூடை, எந்தக் கூடையில் எவ்வளவு, ஒரு கூடை விழுந்தால் மற்றது எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் படிப்பு இது. விரிவுரை முடிந்து வெளியே வரும்போது எனக்குக் கால் தரையில் நிற்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து ரிஸ்க் என்றால் என்னவென்று விளக்கலாமா என்று இருக்கும். கட்டணத்தில் பாதியை ஓர் உதவித்தொகை கட்டுகிறது. அதற்கு ஒரே நிபந்தனை: என் பெயரில் எந்த முறைகேடும் பதிவாகக் கூடாது. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை நான் இரண்டாம் தடவை பார்க்கக்கூட இல்லை. நமக்கும் முறைகேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஹன்னா என் வகுப்பில் பக்கத்து இருக்கை. அந்த ஊர்க்காரி, லாரி ஓட்டுபவரின் மகள், வாய் நிறையப் பேச்சு. என்னோடு படிக்கிறவர்களில் என் பெயரை முழுசாகச் சொல்லக் கற்றுக்கொண்ட ஒரே ஆள். சுகந்தினி என்று சொல்லிவிட்டு ஒரு மலையேறி வந்தவள் மாதிரி மூச்சு விடுவாள். மாசி மாதம் அவளுடைய அம்மாவுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை. வாரத்தில் நான்கு நாள் ஆஸ்பத்திரிக்கும் வகுப்புக்குமாக ஓடினாள். அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய ஒப்படை, மதிப்பெண்ணுக்காகச் செய்து கொடுக்க வேண்டிய வேலை: இருபது நிறுவனங்களின் பங்குகளைத் தேர்ந்தெடுத்து, எதில் எவ்வளவு போட்டால் குறைந்த ஆபத்தில் கூடிய வருமானம் வரும் என்று எக்செலில் ஒரு கணக்கு மாதிரியைக் கட்ட வேண்டும். நான் இரண்டு வாரம் முன்னாலேயே முடித்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு அது விளையாட்டு மாதிரி. கடைசிக்கு முந்தின நாள் நூலகத்தில் ஹன்னா வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். நான் ஒன்றும் பேசாமல் என் எக்செல் கோப்பை அவளுக்கு அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கக் கூடாது.

ஏன் பார்க்கக் கூடாது என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேரு, அதாவது ஒரு முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேரு. ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு தேயிலை வரிசை, பிரித்துக் கொடுப்பார்கள். காய்ச்சலோடு வந்தவளும், முழங்கால் போனவளும், பிள்ளை பெற்று மூன்று மாதத்தில் வந்து நிற்பவளும் பின்தங்குவார்கள். மலையிலிருந்து இறங்கி மடுவத்துக்கு, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, வரும் வழியில் ஒரு வளைவு உண்டு. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை முன்னால் போய்விடுவார். அந்த வளைவில் நிறைந்த பைகளிலிருந்து நான்கு கை, ஐந்து கைக் கொழுந்து குறைந்த பைக்குப் போகும். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டார்கள். போட்டுவிட்டு நேரே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். வாங்கியவளின் முகத்தைப் பார்த்தால் அது பிச்சையாகிவிடும். பள்ளி விடுமுறைகளில் அம்மாவுக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டுபோகும்போது நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது உதவி என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. நடை மாதிரி, அது ஒரு இயல்பு.

மறுநாள் ஹன்னா ஒரு உறையை நீட்டினாள். உள்ளே ஒரு புத்தகக் கடையின் பரிசு அட்டை. எனக்கு முகம் சுட்டது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கும் காது சிவந்துவிட்டது. "குறைந்தபட்சம் ஒரு காபியாவது?" என்றாள். அதற்கும் வேண்டாம் என்றேன். அதன்பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எங்களில் யார் யாரை அவமானப்படுத்தினோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

பங்குனியில் அண்ணனுக்குக் கல்யாணம். டிக்கட்டை அவனே போட்டுத் தந்தான், ஈஸ்டர் விடுமுறைக்கு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள், வாசலில் கட்டிய வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது கடிதம் வந்தது, மின்னஞ்சலில். என் ஒப்படையும் இன்னொரு மாணவியின் ஒப்படையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சந்தேகம். ஆறு நாள் கழித்துக் காணொளியில் விசாரணை. ஹன்னா பங்குகளையெல்லாம் மாற்றியிருக்கிறாள், வண்ணங்களை மாற்றியிருக்கிறாள். ஆனால் நான் மறைத்துவைத்திருந்த தாள் ஒன்று கோப்புக்குள் அப்படியே இருந்தது. வேலை செய்யும்போது என்னை நானே திட்டிக்கொள்வது பழக்கம். அதில் தமிழில் எழுதிவைத்திருந்தேன். திருத்தியவர் முதலில் கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்தாராம். பிறகு யாரோ இது ஒரு மொழி என்று கண்டுபிடித்து மொழிபெயர்ப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடிதத்தோடு சான்றாக வந்தது அது. நான் எழுதியது: அடி கூறுகெட்டவளே, இந்த வரிய இன்னொருக்கா பாரு. அவர்கள் ஆங்கிலத்தில் போட்டிருந்தது ஏறக்குறைய இப்படி: ஓ அறிவிழந்த பெண்மணியே, இவ்வரியை மீண்டும் நோக்குவாயாக. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தில் யார் எடுத்தது என்று எழுதியிருக்காது. எக்செலில் எழுதியிருந்தது, அதுவும் என் சொந்தக் கையால்.

மாணவர் சங்கத்தில் இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆலோசனை சொல்ல மார்க் என்று ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி நின்று அவரோடு பேசினேன். அவர் குரலில் மகிழ்ச்சி. "உங்களுக்கு நல்ல செய்தி," என்றார். ஹன்னா எழுத்தில் வாக்குமூலம் கொடுத்துவிட்டாளாம்: நான் நூலகத்தில் மடிக்கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனபோது, எனக்குத் தெரியாமல் அவளே எடுத்துக்கொண்டாளாம். "நீங்கள் ஆம் என்று சொன்னால் போதும். உங்கள் பெயர் இந்த விசாரணையிலிருந்து நீங்கிவிடும்."

"அவளுக்கு?" என்று கேட்டேன்.

"அடுத்தவர் வேலையைத் தெரியாமல் எடுத்தது பெரிய குற்றம். படிப்பிலிருந்தே நீக்கலாம்."

"நானே கொடுத்தேன் என்று சொன்னால்?"

சிக்னல் போய்விட்டதோ என்று போனை உயர்த்திப் பிடித்தேன். "அப்படியானால் அது இரண்டு பேரும் சேர்ந்து செய்தது. அவளுக்குக் குறையும், உங்களுக்கு ஏறும். முறைகேடு என்று உங்கள் பெயரிலும் பதிவாகும். உதவித்தொகையை நிறுத்தலாம். அது நின்றால், கட்டணம் கட்டாமல் விசாவும் நிற்காது," என்றார். பிறகு மெதுவாக, "ஆனால் நீங்கள் கொடுக்கவில்லையே?" என்றார். அது கேள்வியா, எனக்குக் கற்றுத்தரும் பதிலா என்று எனக்குப் புரியவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். லயத்தில் அது நடக்கிற காரியமா? தண்ணீர்த் தொட்டிமேல் நின்று இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தால் மூன்று லயத்துக்கும் சேதி போய்விடும். அன்று பின்னேரம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார்.

"என்னா பிரச்சின? யாரு அந்த வெள்ளக்காரன்?"

சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு மாவை ஒரு குத்துக் குத்தினார்.

"அந்தப் புள்ளயே ஏத்துக்கிச்சுல்ல? அப்பறம் ஒனக்கு என்னா வலிக்குது? ஆமான்னு ஒரு வார்த்த. வாயில முத்தா உதிரப் போவுது?"

"அது பொய்மா. நான்தான் குடுத்தேன்."

"நீ குடுத்தது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்."

"பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பேத்தி."

எனக்கும் கோபம் வந்தது. "நீங்க மட்டும் மலையில போடலயா? எத்தன பேரு பையில போட்டிருக்கீங்க? நான் பாத்திருக்கேன்ல?"

அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, என்னமோ ஒரு அதிசயம் இருந்தது. "போட்டேன். இன்னைக்கும் போட்டேன். அதுக்குன்னு கணக்கப்பிள்ள கேட்டா, ஆமாங்க ஐயா நான்தான் போட்டேன்னு சொல்லுவனா? எனக்கு என்னா பைத்தியமா? குடுத்தவளும் சொல்ல மாட்டா, வாங்குனவளும் சொல்ல மாட்டா. அதான்டி அதுல உள்ள மரியாத. இவ்ளோ படிச்சு நீ பாதியத்தான் படிச்சிருக்க."

அவர் சொன்னது சரி. எங்கள் மலையில் அப்படித்தான். ஆனால் எங்கள் மலையில் வாங்கியவள் எழுந்து நின்று, நான் திருடினேன் என்று சொல்லி, கொடுத்தவளைக் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. ஹன்னா அவளுடைய நாட்டின் வழியில் எனக்கு ஈடு செய்திருக்கிறாள். பரிசு அட்டையை நான் வாங்கியிருந்தால் இப்படிச் செய்திருப்பாளோ என்னவோ. அன்றிலிருந்து ஐந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபத்தை அளக்கச் சொல்லித் தரும் படிப்பு. ஒரு பக்கம் நிச்சயமான லாபம், மறுபக்கம் நிச்சயமான நஷ்டம் என்று கண்முன்னே இருக்கும்போது, வகுப்பில் முதல் நாள் கற்ற மாணவிகூடச் சரியாகத் தேர்ந்தெடுப்பாள்.

விசாரணை இங்கிலாந்து நேரம் காலை பத்துக்கு. எங்களுக்குப் பிற்பகல் இரண்டரை. தோட்டத்தில் மேசையும் சிக்னலும் ஒன்றாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை. அதைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா, "ரெண்டு மணிக்கெல்லாம் எல்லாத்தையும் தூங்கவச்சிருவேன், நீ வந்து ஒன் கேஸ நடத்து," என்றார். குழந்தைகளுக்கான குட்டை மேசை. அதில் மடிக்கணினியை வைத்து நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பின்னால் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். செல்வி அக்கா எனக்கு மரியாதை கொடுத்து வெளியே போய்விட்டு, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் மூன்று பேர். தலைமை வகித்த பெண்மணி, எங்கள் துறை ஆசிரியர் ஒருவர், குறிப்பெடுக்கும் இளைஞர். முதல் கேள்வி விதிமுறைப்படி: "அறையில் நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?"

ஆம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அன்றைக்குப் பொய் சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்திருந்தேனா, இல்லையா என்று எனக்கே தெரியாத நேரம் அது. "இல்லை. பதினொரு பேர் இருக்கிறார்கள்," என்றேன்.

மூன்று முகங்களும் திரைக்கு நெருங்கி வந்தன.

"எல்லோரும் தூங்குகிறார்கள்," என்று சேர்த்தேன். "மூத்தவனுக்கு மூன்று வயது."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். "அவர்களை வெளியே அனுப்ப முடியுமா?" என்றார் கனிவாக.

"எழுப்பினால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது," என்றேன். இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார், சிரித்திருக்க வேண்டும். குறித்துக்கொள்கிறோம் என்றார் தலைவர்.

பிறகு அவர் ஹன்னாவின் வாக்குமூலத்தை வாசித்தார். நூலகம், திறந்த மடிக்கணினி, எனக்குத் தெரியாமல். நன்றாக எழுதியிருந்தாள், நான் என்ன நிறச் சட்டை போட்டிருந்தேன் என்பதுவரை. பொய்யை அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தாள். "இது சரியா?" என்று கேட்டார்.

சன்னலில் செல்வி அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு தலை. அம்மா. சாக்குப்படங்கு இடுப்பில் கட்டியபடி, மலையிலிருந்து எப்படியோ இறங்கி வந்திருக்கிறார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தாலே போதும் அவருக்கு. தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினார். ஆமான்னு சொல்லு.

"சரியில்லை," என்றேன். "நான் கொடுத்தேன். அவள் கேட்கவில்லை."

இளைஞரின் விரல்கள் தட்டெழுதும் சத்தம் கேட்டது.

"பதிலுக்கு என்ன பெற்றீர்கள்?" என்று கேட்டார் தலைவர்.

"ஒன்றுமில்லை."

"பின்னால் ஏதாவது திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தீர்களா?" இது எங்கள் ஆசிரியர். அவருக்கு அது துறை சார்ந்த கேள்வி. நாளைக்கு வரப்போகிற பயனை இன்றைக்கே விலை போடுவதுதான் எங்கள் பாடமே.

"இல்லை."

"அப்படியானால் ஏன்?"

"அவள் பின்தங்கி நின்றாள். நான் முடித்துவிட்டேன்."

அவர்கள் காத்திருந்தார்கள். பதிலின் மிச்சத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. மிச்சம் இல்லை. மலை, நிரை, வளைவு என்று தொடங்கி விளக்கப் பார்த்தேன். என் இங்கிலீஷ் பங்குச்சந்தைக்குப் போதும், இதற்குப் போதவில்லை. தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் இது அனுமதிக்கப்பட்ட நடைமுறை என்கிறீர்களா?" என்றார்.

"அனுமதியில்லை. எல்லோரும் செய்கிறார்கள்."

அது எழுத்தில் எப்படிப் பதிவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும். அந்த நேரம் பார்த்து ஒரு தொட்டிலில் பிள்ளை ஒன்று அழ, இரண்டாவது சேர்ந்துகொண்டது. விசாரணை முடிந்தது.

வெளியே வந்தேன். "என்னா சொன்ன?" என்று கேட்டார் அம்மா.

"குடுத்தேன்னு சொல்லிட்டேன்."

அம்மா கொழுந்துப் பையின் வாரைத் தலையில் மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனார். அன்றைக்கும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. நான் இங்கிலாந்துக்குக் கிளம்பும் நாள்கூட, கல்யாணத்துக்கே லீவு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போய்விட்டார். புது அண்ணிதான் தலவாக்கலை ரயில் நிலையம்வரை வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.

கொழும்புக்குப் போகும் பகல் ரயில். கூட்டம். கதவோரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கொட்டகலை வந்தபோது போன் அதிர்ந்தது. முடிவு. இருவருக்கும் அந்தப் பாடத்தில் பூஜ்ஜியம். ஆகஸ்டில் ஆளுக்குத் தனித்தனியே, புது ஒப்படை. ஹன்னாவுக்குப் பொய் வாக்குமூலத்துக்காக எழுத்தில் எச்சரிக்கை, நீக்கம் இல்லை. என் உதவித்தொகை, ஆகஸ்ட் முடிவு வரும்வரை நிறுத்திவைப்பு. அதுவரை என்ன செய்வேன்? வேலை தேடுவேன். யாரிடம் கேட்பேன்? தெரியாது. மூன்று தடவை வாசித்தேன். அண்ணிக்கு இரண்டு வரி அனுப்பினேன், அம்மாவிடம் சொல்லச் சொல்லி.

முதலில் வந்தது ஹன்னாவின் செய்தி. அவளுக்கும் அதே நேரத்தில்தான் கடிதம் போயிருக்கும். நன்றி சொல்வாள் என்று திறந்தேன். கோபமாக எழுதியிருந்தாள். நானே எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருந்தேனே, நீ எதற்கு வாயைத் திறந்தாய்? அதை வாசித்து முடிப்பதற்குள் அண்ணியின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு. பின்னால் காற்றும் பெண்களின் பேச்சும். அண்ணி மலைக்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் குரல். "அதான் அந்தப் புள்ள எல்லாத்தையும் பாத்துக்கிச்சுல்ல? நீ எதுக்குடி வாயத் தொறந்த?" கொஞ்சம் இடைவெளி. "சாப்ட்டியா?"

இரண்டையும் மாற்றி மாற்றி, ஒன்றை வாசித்தேன், ஒன்றைக் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு பெண்கள். ஒருத்தி முட்டைக்குப் பெயர் எழுதும் ஊர், ஒருத்தி பெயரில்லாமல் போடும் மலை. இரண்டு பேரும் ஒரே வாயால் என்னைத் திட்டுகிறார்கள். இரண்டு பேரிடமும் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பியிருக்கலாம்.

ஹன்னாவுக்கு இங்கிலீஷில் எழுதினேன்: உன்னைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை. அம்மாவுக்குத் தமிழில் எழுதினேன், அண்ணி வாசித்துக் காட்டட்டும் என்று: அந்தப் புள்ளைய தனியா வுட்டுட்டு வர முடியலம்மா. சாப்ட்டேன். சாப்பிடவில்லை. அந்த ஒரு பொய்யை மட்டும் சொன்னேன்.

இரண்டையும் அனுப்பிய கையோடு ரயில் ஹட்டனுக்கு முன்னால் வரும் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பிள்ளைகள் வழக்கம்போல ஊளையிட்டார்கள். சிக்னல் இல்லை. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு செய்திகள், இரண்டின் ஓரத்திலும் போய்ச் சேராத அந்தச் சின்னக் கடிகாரம். ஒன்று அந்தப் பக்கம் போக வேண்டியது, ஒன்று இந்தப் பக்கம். நான் போனைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன், எது முதலில் போகும் என்று பார்த்தபடி.